முதல் மடிப்பு கோணினால்: ஈசூன் கீழ்த்தளத்தில் எட்டு சனிக்கிழமைகள்

முதல் சனிக்கிழமை, 100 தாள் கொண்ட கட்டு ஒன்றரை மணி நேரத்தில் காலி. மேசையில் தேறிய காகிதக் கொக்குகள் மூன்று. ஒன்று நான் மடித்தது. இன்னொன்று, ஒரு சிறுமியின் அப்பா அவள் கையிலிருந்து வாங்கி மடித்தது. மூன்றாவது மட்டும்தான் ஒரு பிள்ளை தானாக மடித்தது. அந்தக் கொக்குக்கு இரண்டு வால், தலை கிடையாது. மேசைக்கு அடியில் கசங்கிய உருண்டைகள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. துப்புரவு செய்யும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்தை என் பக்கத்துத் தூணில் சாய்த்துவிட்டுப் போனார்.

போன ஆண்டு ஜூலையில் தொடங்கி செப்டம்பர் வரை, இடையில் சில வாரம் விட்டு, எட்டு சனிக்கிழமைகள் இந்த வகுப்பு நடந்தது. இடம் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். 7 முதல் 11 வயது வரையுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓரிகாமி எனும் ஜப்பானியக் காகித மடிப்பைத் தமிழிலேயே சொல்லித் தருவது திட்டம். நடத்தியது நானும் எதிர் புளோக்கில் இருக்கும் என் தோழியும். இருவருமே தொண்டூழியர்கள், ஆசிரியைகள் அல்ல. நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். காகிதம் மடிப்பது பத்து வருடப் பழக்கம், அவ்வளவுதான் என் தகுதி.

மின்தூக்கிப் பக்கத்தில் நாங்கள் ஒட்டிய அறிவிப்பில் இரண்டு நோக்கங்களை எழுதியிருந்தோம்: பிள்ளைகளுக்குப் பொறுமை, பிற பண்பாட்டின் மீது மதிப்பு. எழுதும்போது சுலபமாக இருந்தது. எழுதாமல் விட்ட மூன்றாவது நோக்கம் தமிழ். எங்கள் பிள்ளைகளில் பலர் பாட்டி பேசுவதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்கள். கைக்கு வேலை கொடுத்தால் வாய்க்கும் தமிழ் வரும் என்று ஒரு நம்பிக்கை.

முதல் நாள் வந்தவர்கள் 14 பேர். பெற்றோர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "கொஞ்சம் பொறுமை வரட்டும்னுதான்." ஓர் அப்பா இன்னும் ஒரு படி மேலே போய், ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை நிற்கும் கொக்கைப் பற்றிய வரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தூணில் மாட்டலாம் என்றார். மாட்டினோம். மூன்றாவது வாரம் ஒரு பையன் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஆனா அக்கா, அந்தக் கொக்கு சும்மாதானே நிக்குது? நம்ம கை வலிக்குதே" என்றான். அட்டையைக் கழற்றிவிட்டேன். பெரியவர்கள் பொறுமை என்று கேட்டு வந்தது சும்மா இருக்கும் பிள்ளையை. காகிதம் கேட்கிற பொறுமை வேறு என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கொக்கில் தொடங்கியது என் தவறு

ஓரிகாமி என்றாலே கொக்கு. ஜப்பானில் கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் ஆண்டு ஆயுள் என்று சொல்வழக்கு உண்டு. வேண்டுதல் பலிக்க ஆயிரம் கொக்கு மடித்துக் கோத்துக் கோயிலில் தொங்கவிடுகிறார்கள். எனவே கொக்கிலிருந்தே ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய அபத்தம் என்று மடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சதுரத் தாளை இரண்டு மூலைவாட்டிலும் மடித்து விரிக்க வேண்டும். புரட்டிப் போட்டு நேர் பாதிகளாக மடித்து விரிக்க வேண்டும். பிறகு நான்கு மூலையையும் ஒன்றாகக் கூட்டினால் தாள் தானாகவே ஒரு சிறு சதுரமாகச் சுருங்கும். இது வரைக்கும் ஏழு வயதுப் பிள்ளையும் வந்துவிடும். அடுத்தது இதழ் மடிப்பு. ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து கோடு பதித்துவிட்டு, மேல் அடுக்கை மட்டும் தூக்கி, அலகு திறப்பது போல் மேலே இழுத்து, பக்கங்களை உள்ளே மடக்கித் தட்டையாக்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று திசையில் தாள் நகரும். முதலில் போட்ட மூலைவாட்டு மடிப்பு ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் அது இந்த இடத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும். அதுவரை ஒரு தப்பும் இல்லாத மாதிரியே இருக்கும்.

பிள்ளைகளுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. எப்போதோ செய்த தப்புக்கு இப்போது தண்டனை. அவர்கள் விளையாடும் விளையாட்டுகளில் தப்பு செய்த அதே நொடியில் சத்தம் வரும், திரும்ப ஆடலாம். இங்கே தாள் பன்னிரண்டு படி வரை வாயே திறக்காது. அதனால் கசக்கினார்கள், எறிந்தார்கள், புதுத்தாள் கேட்டார்கள். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். 100 தாள் அப்படித்தான் போயிற்று.

இதில் இடத்துக்கும் பங்கு உண்டு. கீழ்த்தளத்தில் காற்று வீசினால் 15 செ.மீ. தாள் பறந்துவிடும். பக்கத்து மூலையில் கேரம் ஆடும் பெரியவர்களிடம் காய்களைக் கடன் வாங்கித் தாள் மேல் பாரமாக வைத்தோம். மழை பெய்து ஈரக்காற்று அடிக்கும் நாளில் மெல்லிய தாள் துவண்டுவிடும், மடிப்பு நிற்காது. இதையெல்லாம் எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை.

தாளைப் பிரித்துப் படிப்பது

இரண்டாம் வாரம் கொக்கு கிடையாது. தமிழ் முரசு நாளிதழின் பழைய தாள்களைக் கொண்டுபோனேன். முழுத்தாளில் தொப்பி, அதையே மாற்றிக் கப்பல். நமக்கெல்லாம் மழைத்தண்ணீரில் விட்ட அதே கப்பல்தான். பெரிய தாள் என்பதால் முழங்கையால் நீவ வேண்டியிருந்தது. தப்பு தூரத்திலிருந்தே தெரிந்தது.

"நீவு" என்ற சொல் அன்றைக்குத்தான் அவர்களுக்குள் போனது. அகராதிப் பொருள் சொல்லவில்லை. விரல் நகத்தை மடிப்பின் மேல் வைத்து இழுத்துக் காட்டி, "இதான் நீவுறது" என்றேன். அடுத்த அரை மணி நேரம் ஒருவரையொருவர் "நீவு, நல்லா நீவு" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள். மூலை, ஓரம், விரி, புரட்டு, செருகு எல்லாம் அதே வழியில் வந்தன. ஜப்பானியர்கள் மடிப்பை மலை மடிப்பு, பள்ளத்தாக்கு மடிப்பு என்று பிரிக்கிறார்கள். யமா என்றால் மலை, தானி என்றால் பள்ளத்தாக்கு. 164 மீட்டர் கூட இல்லாத புக்கித் தீமா குன்றை மலை என்று நம்பி வளரும் பிள்ளைகளிடம் பள்ளத்தாக்கை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மேடு, பள்ளம் என்று மாற்றிக்கொண்டோம். விசிறி மடிப்புக்குப் புதுச்சொல் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு பிள்ளையின் அம்மா தன் சேலையைக் காட்டி, "கொசுவம்டி" என்றார். முடிந்தது.

அந்த வாரம் இரண்டு விதிகள் போட்டோம். ஒன்று பெரியவர்களுக்கு: பிள்ளையின் தாளைத் தொடக்கூடாது. உதவி செய்யக் கை அரித்தால் சொந்தமாக ஒரு தாளை எடுத்து மடித்துக்கொள்ளலாம். இதில் கிடைத்த வேடிக்கை, பெற்றோர்களில் பாதிப் பேர் பிள்ளைகளை விட மோசமாக மடித்தார்கள். அதைப் பிள்ளைகள் பார்த்ததுதான் வகுப்புக்கே நல்லதாகப் போயிற்று. முதல் வாரம் தாளைப் பிடுங்கிய அதே அப்பா, நான்காம் வாரம் மகளிடம் "இதுக்கு அப்புறம் என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது விதி பிள்ளைகளுக்கு: புதுத்தாள் வேண்டுமானால் பழைய தாளை முழுக்கப் பிரித்து, எந்த மடிப்பில் கோணியது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

இதில் நான் கூர்ந்து கவனித்தது ஒரு பையனை. தொடக்கநிலை 2, அதாவது இரண்டாம் வகுப்பு. அவன் பாட்டி வாரா வாரம் அவனோடு வந்து தூணோரம் நாற்காலி போட்டு உட்கார்வார். அவரை மாதிரியே நானும் அவனைச் சின்னவன் என்கிறேன். முதல் வாரம் மேசைக்கு அடியில் கிடந்த உருண்டைகளில் பாதி அவனுடையது. இரண்டு பற்களுக்கு நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு வேகமாக மடிப்பான், ஓரங்கள் சேராது, உடனே முகம் சிவக்கும், கசக்குவான். புதிய விதியைச் சொன்னதும் அழுதான். பாட்டி அதட்டினார். நான் அவன் கசக்கியதை எடுத்து மேசையில் வைத்து விரித்தேன். இரண்டு பேரும் பார்த்தோம்.

கசக்கிய தாளில் கசங்கல் கோடுகளும் மடிப்புக் கோடுகளும் கலந்து கிடக்கும். ஆனால் நகத்தால் நீவிய கோடு மட்டும் அழுத்தமாகத் தெரியும், வண்ணம் விட்டு வெள்ளையாக. அவன் முதல் மூலைவாட்டுக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனான். ஒரு மூலையில் சரியாகத் தொடங்கிய கோடு எதிர்மூலையைத் தவறவிட்டு, பக்கத்தில் கொசுறாக ஒரு சின்ன முக்கோணத்தை விட்டிருந்தது. "இங்க" என்றான். "அப்ப எல்லாம் இதனாலதானா?" எல்லாம் அதனால்தான். அவனுக்கு அது கோபத்தைத் தணித்ததா என்றால் இல்லை, அடுத்த தாளையும் கசக்கினான். ஆனால் இம்முறை தானே பிரித்துப் பார்த்தான்.

ஐந்தாம் வாரத்தில் அவன் மற்றவர்களின் தப்பைக் கண்டுபிடிக்கும் ஆளாகிவிட்டான். யாராவது முனகினால் இவன் போய் நிற்பான், "பிரி, பாப்போம்" என்று. துப்பறிகிறவன் மாதிரி மூக்கைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கோட்டைத் தேடுவான். தன் தாளுக்கு இல்லாத பொறுமை அடுத்தவன் தாளுக்கு வந்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

பண்பாடு என்று எதைச் சொல்லிக்கொடுத்தோம்

ஜப்பானின் பழமையான கலை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அது பாதிதான் உண்மை. காகிதம் செய்யத் தெரிந்த ஒரு துறவி கொரியாவிலிருந்து 610-ல் ஜப்பான் வந்ததாக அவர்களின் பழைய வரலாற்றேடு சொல்கிறது. சாமுராய் வீடுகளில் காகிதத்தை மடித்தது பெரும்பாலும் பரிசைப் பொதியத்தான். எந்தப் பொருளை எப்படிப் பொதிவது என்று முறைவைத்து, அதை 1764-ல் புத்தகமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். விளையாட்டாக மடித்த கொக்குகளுக்கான நூல் 1797-ல் கியோத்தோவில் வெளியானது. அதில் ஒரே தாளில் கத்தரி போட்டு, ஒன்றோடொன்று அலகும் சிறகும் ஒட்டிய கொக்குக் கூட்டங்கள் வருகின்றன. கத்தரி தொடக்கூடாது என்று நான் முதல் வாரம் அதட்டியதை நினைத்து வெட்கப்பட்டேன். அந்தக் கட்டுப்பாடு ஆதியிலிருந்து வந்ததல்ல.

பிற்பாடு 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மழலையர் பள்ளியை உருவாக்கிய புரோபெல், பிள்ளைகளுக்கான கைவேலைகளில் காகித மடிப்பையும் சேர்த்தார். அந்த முறையில் 1876-ல் டோக்கியோவில் மழலையர் பள்ளி தொடங்கியபோது ஐரோப்பிய மடிப்பும் ஜப்பானிய மடிப்பும் கலந்தன. அதே ஜெர்மானியக் கைவேலைப் பெட்டி சென்னைக்கும் வந்தது. வண்ணச் சதுரத் தாள்கள் 200 கொண்ட அந்தப் பெட்டியைப் பார்த்து, காகித மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் நூலை 1893-ல் சென்னையில் வெளியிட்டவர் டி. சுந்தரராவ். அது பிறகு அமெரிக்காவிலும் அச்சாயிற்று. இதைச் சொன்னபோது பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. பெற்றோர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர், "அப்ப நம்ம ஆளுதானா கண்டுபிடிச்சது!" என்று கிளம்ப, அவரை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை, பெட்டி இரண்டு ஊருக்கும் போனது, அவ்வளவுதான் சார் என்றேன்.

இன்று நாம் பார்க்கும் அம்புக்குறிகளும் புள்ளிக்கோடுகளும் கொண்ட வரைபடம் அகிரா யொஷிசாவா கொடுத்தது. அவர் 1911-ல் பிறந்து 2005 வரை வாழ்ந்தவர். இளமையில் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, சக தொழிலாளர்களுக்கு வடிவியலை மடித்துக் காட்டியே விளக்கியவர். அவர் வரைபடம் இருந்தால் ஜப்பானிய மொழி தெரியாமலே மடிக்கலாம். தமிழும் சரியாகப் படிக்க வராத எங்கள் பிள்ளைகள் ஆறாம் வாரத்தில் வரைபடத்தைப் பார்த்துத் தவளை மடித்தார்கள்.

இதெல்லாம் தகவல். பண்பாடு எங்கள் வகுப்புக்குள் வந்தது சின்னவனின் பாட்டி வாயால்.

மூன்றாம் வாரம் முடிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாட்டி கேட்டார்: "ஏம்மா, இது சப்பான்காரன் சமாச்சாரமா?"

"ஆமா பாட்டி."

"எங்கப்பாவ சயாமுக்குக் கூட்டிட்டுப் போனவன் அவன்தான். ரயிலு போடணும்னு. எனக்கு அப்ப ரெண்டு வயசாம். எங்கம்மா சாகுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

பாட்டியின் குடும்பம் இருந்தது மலாயாவின் ஜொகூரில், ரப்பர்த் தோட்டத்தில். சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942, 43-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்காக ஜப்பானியர்கள் கொண்டுபோனார்கள், பெருந்தொகையினர் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்த வரலாறுதான். ஆனால் நான் அறிவிப்பு எழுதிய அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை. வகுப்பை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். பாட்டி கையை வீசினார். "சொல்லிக்குடு, வேணாங்கல. அவன் பறவ மட்டுந்தான் செஞ்சான்னு சொல்லிக்குடுத்துறாத."

நான்காம் வாரம் நான் ஹிரோஷிமாவின் சடாகோ சசாகியைப் பற்றிச் சொல்வதாக இருந்தது. 1945-ல் அணுகுண்டு விழுந்தபோது குழந்தை. 12 வயதில் ரத்தப் புற்றுநோய். மருத்துவமனையில் மருந்து சுற்றிய தாளைக்கூட விடாமல் கொக்கு மடித்தவள். 1955 அக்டோபரில் இறந்தாள். 1958-ல் அவள் நினைவாக எழுப்பிய சின்னத்துக்கு இன்றும் உலகம் முழுவதிலிருந்தும் காகிதக் கொக்குகள் போகின்றன. 644-ஐ முடித்தபோது இறந்தாள் என்ற எண் கதைப்புத்தகம் வழியாகப் பரவியது. அவள் ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள் என்பது அண்ணனின் சாட்சி. கதையை விட உண்மை கனமானது: ஆயிரம் முடிந்தது, வேண்டுதல் பலிக்கவில்லை, அப்புறமும் மடித்தாள்.

பாட்டியின் சொல்லுக்குப் பிறகு அதை மட்டும் சொல்ல முடியவில்லை. 1942 பிப்ரவரி 15-லிருந்து மூன்றரை ஆண்டு, ஜப்பானியர் ஆட்சியில், இந்தத் தீவுக்கு சியோனான் என்று பெயர் இருந்ததைப் பிள்ளைகள் பள்ளியில் கேட்டிருந்தார்கள். சயாமுக்குப் போன தமிழர்களைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பாட்டியின் அனுமதியோடு அவர் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். ஓர் அப்பா குறுக்கிட்டு, தன் தாத்தா நேதாஜி படையில் இருந்தவர், அவர்கள் வீட்டில் ஜப்பானைப் பற்றி வேறு மாதிரிதான் பேசுவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் இந்த ஊரில்தான் தலைமை ஏற்றார். ஒரே கீழ்த்தளத்தில் இரண்டு ஞாபகங்கள். நடுவில் நான் சதுரத் தாளை வைத்துக்கொண்டு நின்றேன்.

அமைதியாக இருந்த ஒரு சிறுமி, கண்ணாடி போட்டவள், பாட்டியிடம் திரும்பி, "அப்பா போனப்ப உங்களுக்கு ரெண்டு வயசா?" என்று கேட்டாள். பாட்டி தலையாட்டினார். "குண்டு போட்டப்ப சடாகோவுக்கும் ரெண்டு வயசு" என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் மடிக்கத் தொடங்கினாள். அன்று வகுப்பில் பேச்சு குறைவு. ஒரு தாய் என்னைத் தனியே அழைத்து, சின்னப் பிள்ளைகளிடம் இவ்வளவு துக்கம் தேவையா என்றார். அடுத்த வாரம் அவர் பிள்ளை வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஏழு வயதுக்காரர்களையும் பதினொரு வயதுக்காரர்களையும் பிரித்து வைத்துச் சொல்லியிருக்கலாம்.

கீழ்த்தளத்தின் மற்ற கைகள்

ஆகஸ்டு வந்தது, சீனர்களின் ஏழாம் மாதமும் வந்தது. எங்கள் மேசைக்கு நாலு தூண் தள்ளி, மூன்று சீன ஆண்ட்டிகள் உட்கார்ந்து தங்க நிறம் பூசிய காகிதத்தைத் தங்கக் கட்டி வடிவத்தில் மடித்துப் பெரிய பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். முன்னோர்களுக்கு எரித்து அனுப்ப. வருடா வருடம் பார்க்கும் காட்சிதான். ஆனால் மடிப்பு பழகிய கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவிப் போய் நின்றார்கள். அந்த ஆண்ட்டிகள் தாளைப் பார்க்கவே இல்லை. ஒருவர் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே, இடது கட்டை விரலால் அழுத்தி வலது கையால் புரட்டி, ஒரு மூச்சு நேரத்தில் ஒன்று என்று போட்டுக்கொண்டிருந்தார். "நீவவே இல்லக்கா!" என்று சின்னவன் ஓடிவந்து புகார் சொன்னான்.

சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் யோசித்தார். அந்தத் தாளில் வேண்டாம், அது எங்கள் அப்பா அம்மாவுக்கு, வெறும் தாள் கொண்டுவா என்றார். கொண்டுபோனோம். கடைசியில் இரண்டு ஓரங்களையும் பிடித்து விரலால் உள்ளிருந்து தள்ளினால் கட்டி 'பொக்'கென்று உப்பி நிற்கும். எட்டு வாரத்தில் பிள்ளைகள் அதிகமாகச் சத்தம் போட்டுச் சிரித்தது அந்த அரை மணி நேரத்தில்தான். ஒரு வீட்டில் மட்டும், சாவுக்கு எரிக்கிற காகிதத்தைப் பிள்ளை தொடலாமா என்று மனக்குறை வந்தது. வெறும் தாள்தான், எரிக்கிற தாள் வேண்டாம் என்று அந்த ஆண்ட்டியே சொல்லிவிட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். முழுக்கச் சமாதானமாகவில்லை.

பிற பண்பாட்டை மதிப்பது என்பதை நான் வரலாற்றில் தேடிக்கொண்டிருந்தேன். அது நாலு தூண் தள்ளி இருந்தது. எந்தத் தாளைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த ஆண்ட்டி போட்ட கோடு, நான் சொன்ன எந்தத் தகவலையும் விடப் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. பெருநாள் சமயத்தில் கீழே உட்கார்ந்து, அரிசி வேகவைக்கும் ஓலைக்கூடான கெத்துப்பாட் பின்னும் மலாய் அண்டை வீட்டுக்காரரையும் அவர்களே நினைவுபடுத்தினார்கள். "அது ஓலை, ஆனா அதுவும் மடிப்புதானே?"

அன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, சுருக்குப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோயில் விபூதி. ஏ4 தாளைச் சதுரமாக்க வெட்டியதில் மிஞ்சும் துண்டு 8.7 செ.மீ. அகலம் இருக்கும், அது எங்களிடம் நிறையக் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு சிட்டிகை வைத்து, நீளவாட்டில் மூன்றாக மடித்து, இரண்டு நுனியையும் உள்ளே கொண்டுவந்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினார். குலுக்கினார். ஒரு பொடி உதிரவில்லை. பசை இல்லை, நூல் இல்லை. சாமுராய் வீட்டில் பரிசு பொதிந்த முறைக்கும், சடாகோவின் கைக்கு வந்த மருந்துத் தாளுக்கும் இதற்கும் ஒரு குடும்பச் சாயல் இருந்தது. நான் அதை விளக்கப்போய், பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. பொட்டலத்தைக் குலுக்கிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

மறந்துபோன பொன்தாள்

ஒரு சறுக்கலையும் எழுதியாக வேண்டும். ஐந்தாம் வாரக் கடைசியில், அடுத்த வாரம் பூப்போட்ட பொன்னிறத் தாள் கொண்டுவருகிறேன், இன்று பொறுமையாக முடித்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு என்று சொல்லிவிட்டேன். ஆறாம் வாரம் மறந்துபோனேன். அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற மாதம், மூளை அங்கேயே இருந்தது. அன்று வகுப்பு கலைந்த தேனீக்கூடு. முன்னேறியிருந்தவர்களே தாளை எறிந்தார்கள்.

பிள்ளைகளின் பொறுமை என்றாலே, ஒரு மிட்டாயை இப்போதே தின்கிறாயா, காத்திருந்து இரண்டாக வாங்கிக்கொள்கிறாயா என்று ஸ்டான்போர்டில் வால்டர் மிஷெல் செய்த சோதனையைச் சொல்வார்கள். அதற்குப் பின்னால் 2013-ல் செலஸ்ட் கிட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு எனக்கு அன்று நினைவுக்கு வந்தது. சோதனைக்கு முன்னால், நல்ல வண்ணப்பொருள் தருகிறேன் என்று சொல்லிச் சில பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், சிலருக்கு இல்லையென்று கையை விரித்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். வராத மிட்டாய்க்குக் காத்திருப்பது பொறுமை இல்லை, முட்டாள்தனம் என்று நாலு வயதுப் பிள்ளைக்கே தெரிகிறது. நான் வாங்கி வராத தாளுக்குப் பிள்ளைகளின் பொறுமையின்மை என்று பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. பாட்டி அன்று என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழாம் வாரம் தாள் வந்தது, ஆளுக்கு மூன்றாக.

எதை நம்பலாம்

குறிப்பேட்டில் இரண்டை மட்டும் எழுதிவந்தேன்: எத்தனை தாள் செலவானது, யார் எப்போது புதுத்தாள் கேட்டார்கள். முதல் வாரம் கட்டு முழுவதும் தீர்ந்தது. எட்டாம் வாரம், மறுபடியும் கொக்கு மடித்த நாளில், பாதிக்கு மேல் மிஞ்சியது. கொக்குகளுக்குத் தலையும் இருந்தது. இதை ஒரு சாதனையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் எட்டாம் வாரம் இருந்தவர்கள் 9 பேர். நின்றுபோன ஐவரில் மூவராவது முதல் வாரத்தில் அதிகம் கசக்கியவர்கள். பொறுமை இல்லாதவர்கள் கிளம்பிவிட்டால் மிச்சமிருப்பவர்கள் பொறுமைசாலிகளாகத்தான் தெரிவார்கள். கைத்திறன் கூடியதும் தாள் மிஞ்சியதற்கு ஒரு காரணம்.

காகிதத்தில் வந்த பொறுமை வீட்டுக்குப் போனதா? சின்னவனின் அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். "கேம் தோத்தா இன்னும் ரிமோட்டத் தூக்கி எறியிறான்க்கா. ஆனா கணக்கு தப்பாயிட்டா முன்ன மாதிரி பக்கத்தக் கிழிக்கல, எங்க தப்புன்னு மேல இருந்து பாக்குறான்." ஒரு பையன், ஒரு தாயின் சொல். அதற்கு மேல் அதில் ஏற்றிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கண்ணாடி போட்ட சிறுமி பாட்டியோடு தமிழில் பேச ஆரம்பித்தாள், எங்கள் வகுப்பு இல்லாத நாளிலும் கீழே இறங்கி வந்து. இதை என் கண்ணால் பார்த்தேன்.

திரும்ப நடத்தினால் மாற்ற வேண்டியவை எனக்குத் தெளிவாக இருக்கின்றன. முதல் மூன்று வாரம் பெரிய தாள் மட்டும், கொக்குப் பேச்சே கூடாது. சடாகோவையும் சயாமையும் ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தனியாக. பிரித்துப் பார்க்கும் விதி முதல் நாளிலிருந்தே. பரிசு, வாக்குறுதி எதுவும் கிடையாது.

இந்த ஜூன் விடுமுறையில் அடுத்த தொகுதி. முதல் வகுப்பைப் பொட்டலத்தில் தொடங்கலாம் என்று தோன்றியது. போன வாரம் மின்தூக்கியில் பாட்டியைப் பார்த்ததும் கேட்டேன், நீங்களே வந்து சொல்லித் தர முடியுமா என்று. பத்தாவது மாடி வரும்வரை பதில் இல்லை. கதவு திறந்ததும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"பேப்பர மறக்காமக் கொண்டாந்துருவியா?"